காண்டாமிருகம் எத்தனை மீட்டரில் நிற்கிறது? டர்பனில் முதல் கேமரா வாங்குவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனுக்குப் புதிதாக வேலைக்கு வரும் தம்பிகள் முதல் ஆறு மாதத்துக்குள் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிடுவார்கள். கறிவேப்பிலை எங்கே கிடைக்கும்? எந்தக் கேமரா வாங்கலாம்? முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் முடிந்துவிடும்: வார்விக் பக்கம் எர்லி மார்னிங் மார்க்கெட்டுக்குப் போ. இரண்டாவதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

நானும் அதே கேள்வியோடு வந்தவன்தான். ஆனால் யாரையும் கேட்கவில்லை. கழுத்தில் தொங்கினால் நன்றாக இருக்கும் என்பதற்காகவே ஒரு டிஎஸ்எல்ஆரை (லென்ஸைக் கழற்றி மாற்றக்கூடிய, உள்ளே கண்ணாடி உள்ள பெரிய கேமரா), கூடவே வந்த 18-55 கிட் லென்ஸோடு வாங்கினேன். அடுத்த மாதம் ஹ்லுஹ்லுவே-இம்ஃபொலோசி வனவிலங்குக் காப்பகத்துக்கு நண்பர்களோடு பயணம். மூன்றரை மணி நேர ஓட்டம், விடியற்காலை, புல்வெளியில் ஒரு வெள்ளைக் காண்டாமிருகம் குட்டியோடு மேய்கிறது. படபடவென்று எண்பது படம் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கணினியில் பார்த்தால் எண்பதிலும் அருமையான புல்வெளி. நடுவில் ஒரு சாம்பல் நிறப் புள்ளி, பக்கத்தில் இன்னொரு சின்னப் புள்ளி. அதே வண்டியில் வந்த ஒரு அக்காவிடம் சட்டைப் பையில் போகும் காம்பாக்ட் கேமரா இருந்தது. அவர் எடுத்த படத்தில் கொம்பில் ஒட்டிய சேறு தெரிந்தது. அவர் செலவழித்தது என்னைவிடக் குறைவு.

அதற்காக, காம்பாக்ட்தான் நல்லது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். அன்று சாயங்காலம் வெளிச்சம் மங்கியதும் அவர் கேமரா திணறியது வேறு கதை. நான் தவறியது கேமராவில் இல்லை. எதை, எவ்வளவு தூரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுக்கப் போகிறேன் என்று யோசிக்காமல் வாங்கினேன். அந்த யோசனையைத்தான் படிப்படியாக இங்கே செய்யப் போகிறோம்.

முதல் படி: கடைக்குப் போகாதீர்கள், போனைத் திறங்கள்

போன ஒரு வருடத்தில் போனில் எடுத்த படங்களைப் பாருங்கள். நன்றாக வந்தவற்றை விட்டுவிடுங்கள். "சே, இது மட்டும் சரியாக வந்திருந்தால்" என்று தோன்றுகிற படங்களை மட்டும் தனியாக ஒரு ஆல்பத்தில் போடுங்கள். பெரும்பாலும் மூன்று குறைகளில் ஒன்று இருக்கும்: பொருள் தூரத்தில் இருந்தது, வெளிச்சம் போதவில்லை, அல்லது ஆள் அசைந்துவிட்டார்.

அந்த ஆல்பத்தில் பத்துப் படம்கூடச் சேரவில்லையா? கேமரா வாங்க வேண்டாம். உண்மையாகத்தான் சொல்கிறேன். பக்கத்தில் இருப்பதையும் பகல் வெளிச்சத்தில் இருப்பதையும் இன்றைய போன்கள் நன்றாகவே எடுக்கின்றன. 2010-ல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேற்பட்ட டிஜிட்டல் கேமராக்கள் கப்பலேறின. 2020-ல் அது ஒரு கோடிக்கும் கீழே போய்விட்டது. அந்தச் சரிவில் முதலில் காணாமல் போனவை மூன்று மடங்கு, ஐந்து மடங்கு ஜூம் உள்ள மலிவுக் காம்பாக்ட்கள். அவை செய்த வேலையைப் போன் எடுத்துக்கொண்டது. இன்றும் ஏதாவது ஒரு கடையில் அப்படி ஒன்று தூசு படிந்து கிடந்தால், தள்ளுபடி விலையைப் பார்த்து மயங்காதீர்கள்.

இன்று வாங்கத் தகுந்த காம்பாக்ட்கள் இரண்டு வகைதான். ஒன்று, நீண்ட ஜூம் உள்ளவை. கேனான் பவர்ஷாட் எஸ்எக்ஸ்740 போல 40 மடங்கு ஜூம், பேண்ட் பையில் போகும். இதன் பெரிய அண்ணன்களான நிக்கான் கூல்பிக்ஸ் பி950, பி1000 ஆகியவற்றைக் காம்பாக்ட் என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். பி1000 ஏறத்தாழ 1.4 கிலோ. மற்றொன்று, ஒரு அங்குல சென்சார் (வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லு) உள்ளவை. சோனி ஆர்எக்ஸ்100 வரிசையும் கேனான் ஜி7எக்ஸ் வரிசையும் இந்த வகை. ஜூம் குறைவு, படத்தின் தரம் அதிகம். விலை பல சமயம் ஒரு தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரையே தாண்டிவிடும்.

இரண்டாம் படி: தூரக் கணக்கு

இது சின்ன வகுத்தல்தான். ஆனால் எந்த விற்பனையாளரும் போட்டுக் காட்டமாட்டார்.

சென்சாரின் அகலத்தை லென்ஸின் மில்லிமீட்டரால் வகுத்து, தூரத்தால் பெருக்குங்கள். படத்தின் சட்டத்துக்குள் எத்தனை மீட்டர் அகலம் அடங்கும் என்பது விடை. கேனானின் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் சென்சார் அகலம் 22.3 மி.மீ. கிட் லென்ஸை முழுக்க நீட்டினால் 55 மி.மீ. காண்டாமிருகம் 50 மீட்டரில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22.3-ஐ 55-ஆல் வகுத்து 50-ஆல் பெருக்கினால் சுமார் 20 மீட்டர். மூன்றரை, நான்கு மீட்டர் நீளமுள்ள மிருகம் படத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. என் சாம்பல் புள்ளிக்குக் காரணம் இதுதான்.

அதே கேமராவில் 55-250 லென்ஸை மாட்டி 250-க்கு நீட்டினால் நாலரை மீட்டர் அகலம்தான் அடங்கும். காண்டாமிருகம் சட்டத்தை நிறைத்துவிடும். பாடி, அதாவது லென்ஸ் நீங்கிய கேமரா, அதேதான். மாறியது லென்ஸ் மட்டும்.

இப்போது ஒரு பறவை. இங்கே எல்லோரும் தேடித் தேடிப் பிடிக்கும் ஊதா மார்புப் பனங்காடை, வால் முனை வரை 36 செ.மீ. இருக்கும். நம் ஊர்ப் பனங்காடையின் உறவுக்காரன். அது 20 மீட்டரில் ஒரு முள்மரக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது. 250 மி.மீ. லென்ஸில் அடங்கும் அகலம் 1.8 மீட்டர், பறவை ஐந்தில் ஒரு பங்கு. எஸ்எக்ஸ்740-ஐ முழுக்க நீட்டினால் அடங்குவது 75 செ.மீ. மட்டும், பறவை பாதிப் படம். பறவை விஷயத்தில் சட்டைப் பை கேமரா ஜெயித்துவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. காம்பாக்ட் பெட்டியில் "24-960 மி.மீ." என்று போட்டிருப்பது பழைய 35 மி.மீ. ஃபிலிம் கேமராவுக்குச் சமமாக்கிய எண். டிஎஸ்எல்ஆர் லென்ஸில் போட்டிருப்பது உண்மையான எண். இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் கணக்கு தப்பும். டிஎஸ்எல்ஆர் எண்ணைக் கேனானுக்கு 1.6-ஆலும் நிக்கானுக்கு 1.5-ஆலும் பெருக்கிக்கொள்ளுங்கள். 250 மி.மீ. என்பது 400 ஆகிவிடும். காம்பாக்டுக்கு மேலே சொன்ன வகுத்தலைப் போடும்போது சென்சார் அகலம் 36 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள், விடை சரியாக வரும்.

மூன்றாம் படி: வெளிச்சக் கணக்கு

பனங்காடையில் ஜெயித்த காம்பாக்ட் இங்கே வாங்கிக் கட்டிக்கொள்கிறது.

நீண்ட ஜூம் காம்பாக்டின் சென்சார் சுமார் 6.2-க்கு 4.6 மி.மீ. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னது. டிஎஸ்எல்ஆரின் சென்சார் பரப்பு அதைப் போல 12, 13 மடங்கு. ஒரு அங்குல சென்சார் நடுவில் நிற்கிறது, நான்கு மடங்கு. (ஒரு அங்குலம் என்பது பேருக்குத்தான். அகலம் 13.2 மி.மீ. பழைய டிவி கேமராக் குழாயின் கணக்கை இன்னும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.)

சென்சாரோடு முடியவில்லை. லென்ஸின் திறப்பும் சேர வேண்டும். எஸ்எக்ஸ்740-ஐ முழுக்க நீட்டினால் உண்மையான குவியத் தூரம் (லென்ஸின் மில்லிமீட்டர் எண்) 172 மி.மீ., திறப்பு எஃப் 6.9 (இந்த எண் சிறியதானால் திறப்பு பெரிது). ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 25 மி.மீ. அவ்வளவு அகலமான சன்னல் வழியாகத்தான் வெளிச்சம் உள்ளே வருகிறது. 250 மி.மீ., எஃப் 5.6 லென்ஸின் சன்னல் 45 மி.மீ. அகலம். பரப்பில் மூன்று மடங்குக்கும் மேல்.

நடுப்பகல் வெயிலில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் சிங்கமும் காட்டுநாயும் நடுப்பகலில் நமக்காக நடந்து வருவதில்லை. கேட் திறக்கும் விடியற்காலையிலும், கேட் மூடுவதற்கு முந்தைய அரை மணி நேரத்திலும்தான் தரிசனம். ஓடும் மிருகத்தை உறைய வைக்க ஷட்டர் வேகம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். அந்த வெளிச்சத்தில் சின்ன சென்சார் ஐஎஸ்ஓவை (குறைந்த வெளிச்சத்தைப் பெருக்கிக்கொள்ளும் அளவு) ஏற்றிக்கொண்டே போகும். படத்தில் ரவை உப்புமாவைக் கொட்டியது போல மணல் விழும். கேமரா அந்த மணலைத் துடைக்கப் போய் ரோமத்தையும் சேர்த்துத் துடைத்துவிடும். சிங்கம் களிமண் பொம்மை மாதிரி இருக்கும்.

ஃபோகஸ் வேகமும் இதோடு சேரும். டிஎஸ்எல்ஆரில் கண்ணாடி வழியாகத் தனி ஃபோகஸ் சென்சாருக்கு வெளிச்சம் போகிறது. எந்தப் பக்கம், எவ்வளவு நகர வேண்டும் என்பது அதற்கு உடனே தெரியும். இந்த மலிவு விலை நீள்ஜூம் காம்பாக்ட்கள் முன்னும் பின்னும் தேடித்தான் கண்டுபிடிக்கின்றன. முன்னால் நாலு புல் தண்டு இருந்தால் புல்லையே பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்னும்.

இன்னொன்றும் உண்டு. காம்பாக்ட்கள் பலவற்றில் கண்ணை வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டர் கிடையாது. டர்பன் கடற்கரை வெயிலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும்.

நான்காம் படி: கோயிலும் வீடும்

எல்லோரும் மிருகம் பார்க்கப் போவதில்லை. நம் ஆட்களில் பாதிப் பேருக்குக் கேமரா வேண்டியிருப்பது காவடிக்கும் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கும்தான்.

தைப்பூசக் காவடி பெரும்பாலும் பகலில். கேட்டோ மேனர் அம்பலவாணர் ஆலயம் ஆகட்டும், வேறு கோயில் ஆகட்டும், கூட்டத்தில் ஒரு கை தூரத்தில் நின்றுதான் எடுக்க வேண்டும். இங்கே 250 மி.மீ. லென்ஸுக்கு வேலையே இல்லை. 24 மி.மீ. அளவுக்கு விரிந்து, சட்டென்று எடுத்து, சத்தமில்லாமல் பைக்குள் போகும் காம்பாக்ட்தான் சௌகரியம். டிஎஸ்எல்ஆரின் கண்ணாடி ஒவ்வொரு படத்துக்கும் 'டக்' என்று அடிக்கும். அருள் வந்து ஆடுகிறவர் பக்கத்தில் அந்தச் சத்தம் எனக்கே கூச்சமாக இருக்கும். முகத்துக்கு நேரே எடுக்கும் முன் குடும்பத்தாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அலகு குத்திய படம் தன் அனுமதி இல்லாமல் ஊர் சுற்றுவதை யாரும் விரும்பமாட்டார்கள்.

புனித வெள்ளியன்று இசிப்பிங்கோ மாரியம்மன் கோயில் மாதிரியான இடத்திலும், ஆடியில் கூழ் ஊற்றும் இடத்திலும் நிலைமை வேறு. கூழ் ஊற்றுவதை இங்கே பிறந்தவர்கள் 'போரிட்ஜ் பிரேயர்' என்பார்கள். முதல் முறை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது, இப்போது நானும் அப்படித்தான் சொல்கிறேன். கருவறை இருட்டு, விளக்கு வெளிச்சம், புகை. ஃபிளாஷ் போட்டால் தீபத்தின் நிறமும் பூமிதிக் கங்கின் சிவப்பும் செத்துவிடும். வேண்டியது அகன்ற திறப்பு.

இங்கேதான் டிஎஸ்எல்ஆரின் உண்மையான பலம். எஃப் 1.8 திறப்புள்ள, ஜூம் இல்லாத ஒரு லென்ஸ், கேனானில் 50 மி.மீ., நிக்கானில் 35 மி.மீ., லென்ஸ் பட்டியலிலேயே மலிவானவற்றில் சேரும். கிட் லென்ஸின் எஃப் 5.6-ஐவிட ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அந்த ஒரு லென்ஸைப் போட்டதும் ஐஎஸ்ஓ 6400-ல் திணறிய படம் 640-ல் நிம்மதியாக வரும். கேனான் 50 மட்டும் நம் பிளாட் அறைகளுக்குக் கொஞ்சம் நெருக்கம். சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டிவரும்.

அந்த லென்ஸ் வாங்கப் போவதில்லை, கிட் லென்ஸே போதும் என்பீர்களானால், ஜி7எக்ஸ் மாதிரி எஃப் 1.8-ல் தொடங்கும் ஒரு அங்குலக் காம்பாக்டே கோயில் இருட்டில் டிஎஸ்எல்ஆருக்குச் சமமாக, சில சமயம் மேலாகவே நிற்கும். பெரிய கேமராவில்தான் நல்ல படம் வரும் என்று நம்புகிறவர்களிடம் இதைச் சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

ஐந்தாம் படி: தெருவில் நடக்க முடியுமா?

கடற்கரை நடைபாதையிலோ வார்விக் சந்தையிலோ கழுத்தில் டிஎஸ்எல்ஆர் தொங்கவிட்டு நடப்பது, பர்ஸை வெளியே பிடித்துக்கொண்டு நடப்பது மாதிரி. பயமுறுத்தவில்லை, பதினோரு வருடம் இருந்தவனாகச் சொல்கிறேன். இந்தத் தயக்கமே போதும், கேமரா மெல்ல மெல்ல அலமாரிக்குப் போய்விடும். தெருவும் சந்தையும் உங்கள் பாடுபொருள் என்றால் பையில் மறையும் கேமராதான். எதை வாங்கினாலும் வீட்டுப் பொருள் காப்பீட்டில் அதை வெளியில் எடுத்துச் செல்லும் பொருளாகத் தனியே, வரிசை எண்ணோடு சேர்க்கச் சொல்லுங்கள். வீட்டுக்குள் இருக்கும் பொருளுக்கு மட்டும் உள்ள காப்பீடு வெளியே களவு போனால் உதவாது.

ஆறாம் படி: பணம்

விலைகள் மாதத்துக்கு மாதம் ராண்டோடு சேர்ந்து ஆடுவதால் எண் எதுவும் எழுதப் போவதில்லை. ஆனால் பங்கீடு மாறாது. டிஎஸ்எல்ஆர் என்றால் கையில் உள்ள தொகையில் பாதியை மட்டும் பாடிக்கும் கிட் லென்ஸுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மறு பாதி இரண்டாவது லென்ஸ், மெமரி கார்டு, இன்னொரு பேட்டரி, பை. முழுத் தொகையும் பாடிக்கே போய்விடும் என்றால் டிஎஸ்எல்ஆர் உங்களுக்கு இல்லை. கிட் லென்ஸோடு மட்டும் நிற்கும் டிஎஸ்எல்ஆர், தூரத்துக்கும் எட்டாது, இருட்டுக்கும் ஆகாது, பைக்குள்ளும் போகாது. மூன்றிலும் தோற்கும் ஒரே ஏற்பாடு இதுதான். நான் வாங்கியதும் இதைத்தான்.

"அண்ணே, ரெண்டு லென்ஸ் சேர்த்து ஒரே பெட்டியில் தர்றாங்களே, விலையும் குறைச்சல்" என்பார்கள். கவனம். கேனான் இரட்டை லென்ஸ் பெட்டிகளில் பல சமயம் இருப்பது 75-300. கை நடுக்கத்தைச் சமாளிக்கும் நிலைநிறுத்தி அதில் கிடையாது. 300 மி.மீ.-இல் நிலைநிறுத்தி இல்லாமல் விடியற்காலையில் எடுப்பது, ஓடும் பஸ்ஸில் ஊசியில் நூல் கோப்பது போல. 55-250 ஐ.எஸ். எஸ்.டி.எம். என்று கேட்டு வாங்குங்கள், ஐ.எஸ். என்பதுதான் கேனானின் நிலைநிறுத்தி. நிக்கானின் 70-300 ஏஎஃப்-பி லென்ஸும் இரண்டு வகையில் வந்தது. பெயரில் வி.ஆர். என்ற எழுத்து இருந்தால்தான் நிலைநிறுத்தி உண்டு. சில மலிவுப் பெட்டிகளில் 18-55 கூட ஐ.எஸ். இல்லாமல் வரும்.

பேட்டரியைப் பொறுத்தவரை நிக்கான் டி3500 ஒரு சார்ஜில் 1550 படம் என்று தொழில்துறை அளவீட்டில் கணக்கு. கேனான் 2000டி 500. எஸ்எக்ஸ்740 முந்நூறைத் தொடாது. காம்பாக்ட் வாங்கினால் இரண்டாவது பேட்டரி கட்டாயம். மின்வெட்டு நாட்களை ஞாபகம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஏழாம் படி: பெயர்க் குழப்பம்

தமிழ்நாட்டு யூடியூப் விமர்சனத்தில் கேனான் 1500டி நன்றாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு டர்பன் கடையில் தேடினால் கிடைக்காது. இங்கே அதன் பெயர் 2000டி. அமெரிக்காவில் ரெபல் டி7. மூன்றும் ஒரே கேமரா, 2018-ல் வந்தது. அதேபோல இந்தியாவின் 200டி மார்க் 2 இங்கே 250டி. 4000டி என்று எண் பெரிதாக இருப்பதைப் பார்த்து அது உயர்ந்தது என்று எண்ண வேண்டாம், வரிசையிலேயே கடைசி அதுதான். லென்ஸ் மாட்டும் வளையமே பிளாஸ்டிக்.

நிக்கான் டி3500-ஐ நிறுவனம் தயாரிப்பதை நிறுத்திவிட்டது. கேனானும் நிக்கானும் தங்கள் கவனத்தை மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத, லென்ஸ் மாற்றும் கேமரா) பக்கம் திருப்பி ஆண்டுகள் ஆகின்றன. "அப்படியானால் டிஎஸ்எல்ஆர் வாங்குவது வீண்தானே?" இல்லை. லென்ஸ்களை அடாப்டர் வழியாகப் புதிய மிரர்லெஸ் பாடிகளில் பயன்படுத்தலாம். கேனான் இஎஃப், இஎஃப்-எஸ் லென்ஸ்கள் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். நிக்கானில் ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-பி வகைகள் வேலை செய்யும். மற்றவர்கள் மிரர்லெஸுக்கு மாறுவதால் பழைய டிஎஸ்எல்ஆர்களும் லென்ஸ்களும் நல்ல விலைக்குச் சந்தைக்கு வருகின்றன. இப்போது டிஎஸ்எல்ஆர் வாங்க ஒரே நியாயமான காரணம் அதுதான் என்றுகூடச் சொல்வேன்.

எட்டாம் படி: பழையது வாங்கும்போது

பழைய பொருளில் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். வாகன நிறுத்துமிடத்தில் ஒருவரிடம் கைமாற்றிய ஜூம் லென்ஸ், வீட்டுக்கு வந்து டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை. டர்பனின் ஈரக் காற்றில் அலமாரிக்குள் பூட்டி வைத்த லென்ஸ்களுக்கு வரும் நோய் அது. சென்னை, தூத்துக்குடிக்காரர்களுக்கும் தெரிந்த நோய்தான்.

அதனால் டார்ச் இல்லாமல் போகாதீர்கள். லென்ஸைக் கழற்றி, பின்புறமிருந்து வெளிச்சம் அடித்து முன்புறம் பாருங்கள், பிறகு திருப்பிப் பாருங்கள். நாலு தூசு இருந்தால் பரவாயில்லை. கிளைவிட்ட வேர் மாதிரி கோடு இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அடுத்து ஷட்டர் எண்ணிக்கை. தொடக்கநிலை நிக்கான்களின் ஷட்டர் ஒரு லட்சம் அடிகளுக்குச் சோதிக்கப்பட்டது. அந்தக் கேமரா எடுத்த ஒரு படத்தை அப்படியே வாங்கிவந்து, எண்ணிக்கை காட்டும் மென்பொருளில் போட்டுப் பாருங்கள். இருபதாயிரத்துக்குள் என்றால் இளமைதான். பின்னர், திறப்பை எஃப் 16-க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சாரில் தூசு. ஊதினால் போகக்கூடியது, விலையைக் குறைக்க உதவும்.

பழைய காம்பாக்டில் இந்தச் சோதனையே பெரிது. லென்ஸ் கழற்ற முடியாத கேமரா என்பதால் உள்ளே தூசு போகாது என்று நினைப்போம். நீண்டு சுருங்கும் அந்தக் குழாய் ஒவ்வொரு முறையும் காற்றை உறிஞ்சுகிறது, கூடவே தூசையும். உள்ளே போனதை வீட்டில் எடுக்க முடியாது. கடற்கரை மணல் ஒரு துகள் குழாயில் சிக்கினால் லென்ஸ் பாதியில் நின்றுவிடும். என் முதல் காம்பாக்ட் அப்படித்தான் போனது. பத்து முறை ஆன், ஆஃப் செய்து சத்தம் கேளுங்கள். கரகர என்றால் வேண்டாம்.

தனி ஆளிடம் வாங்காமல் வியாபாரம் செய்பவரிடம் வாங்கினால் சட்டத்தின் துணை உண்டு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால் சரிசெய்யவோ மாற்றவோ பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். அதிகாரப்பூர்வ இறக்குமதி இல்லாத 'கிரே' பொருள் என்றால் அதை வாங்குபவருக்குத் தெளிவாகத் தெரியப்படுத்தவும் வேண்டும். இணையக் கடையில் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் அந்த வரியைத் தேடிப் படியுங்கள், வாரண்டி யார் தருகிறார்கள் என்பதையும் சேர்த்து.

ஊரிலிருந்து வாங்கி வரலாமா?

வரலாம். மின்சாரம் இரண்டு நாட்டிலும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், சார்ஜருக்கு ஆபத்தில்லை, பிளக் மட்டும்தான் பிரச்சினை. சுங்கத்தில் புதுப் பொருளுக்கு ஒருவருக்கு 5,000 ராண்ட் வரை வரி இல்லை. அதற்கு மேல் 20,000 ராண்ட் மதிப்பு வரை ஒரே விகிதமாக 20 சதவீதம். இந்திய வாரண்டி இங்கே செல்லுமா என்பதை அட்டையைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இங்கே வாங்கிய கேமராவை ஊருக்கு எடுத்துப் போகும்போது விமான நிலையச் சுங்கத்தில் பதிந்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது வாக்குவாதம் இருக்காது.

ஒன்பதாம் படி: கடையில் பத்து நிமிடம்

சொந்த மெமரி கார்டோடு போங்கள். கடையின் இருண்ட மூலையைப் பார்த்து ஷட்டரைப் பாதி அழுத்துங்கள். எவ்வளவு நேரத்தில் ஃபோகஸ் பிடிக்கிறது? பிறகு முழு ஜூமில் வாசலில் நடப்பவரை ஐந்து படம். கட்டைவிரல் எங்கே உட்காருகிறது, கண்ணாடி போட்டுக்கொண்டு வியூஃபைண்டர் நான்கு மூலையும் தெரிகிறதா, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் திரையில் காட்டும் படத்தை நம்பாமல் கார்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிதாக்கிப் பாருங்கள். வாங்குவது அடுத்த சனிக்கிழமை.

யாருக்கு எது

வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை மட்டும் க்ரூகரோ ஹ்லுஹ்லுவேயோ போவீர்கள், மிருகம் தெரிந்தால் போதும், குடும்பத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்க வேண்டும் என்றால் நீள்ஜூம் காம்பாக்ட். ஓய்வுபெற்ற மாமனார், மாமியார் ஊரிலிருந்து வந்திருந்தால் அவர்கள் கையில் இதைக் கொடுங்கள், மூன்று நாள் சிணுங்கமாட்டார்கள். கோயில், சந்தை, பிள்ளைகள், பயணம் என்றால் ஒரு அங்குலக் காம்பாக்ட். விலையைக் கேட்டு முகம் சுளிப்பீர்கள், ஆனால் தினமும் பையில் இருக்கும். மாதம் ஒருமுறையாவது கேம் ரிசர்வுக்கு ஓடுகிற ஆள், பள்ளி மைதானத்தில் மகள் ஓடுவதை எடுக்கிறவர், கற்றுக்கொள்ளப் பொறுமை உள்ளவர், இவர்களுக்குத்தான் டிஎஸ்எல்ஆர். அதுவும் பழைய பாடி, ஐ.எஸ். உள்ள 55-250, எஃப் 1.8 லென்ஸ் ஒன்று. கிட் லென்ஸை விற்றவர் இலவசமாகத் தந்தால் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடியோதான் முக்கியம் என்றால் தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர் பக்கமே போக வேண்டாம். டி3500-ல் வெளி மைக் மாட்ட வழியே இல்லை.

முதல் பயணத்துக்கு முந்தைய இரவு

பேட்டரி இரண்டும் சார்ஜ். கார்டு காலி. ஷட்டர் முன்னுரிமை முறையில் ஆயிரத்தில் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ தானியங்கி, உச்ச வரம்பு டிஎஸ்எல்ஆருக்கு 6400, சின்ன காம்பாக்டுக்கு 1600. மண்பாதையில் லென்ஸை மாற்றாதீர்கள், நீள லென்ஸ் மாட்டியபடியே கிளம்புங்கள். வண்டியை விட்டு இறங்க அனுமதி இல்லாததால் முக்காலி வீண். சன்னல் விளிம்பில் வைக்க ஒரு துணிப்பைக்குள் இரண்டு கிலோ காய்ந்த ஷுகர் பீன்ஸ் போட்டுத் தைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது இன்ஜினை அணையுங்கள், அந்த அதிர்வு முழு ஜூமில் அப்படியே படத்துக்கு வரும்.

போனிலோ கேமராவிலோ ஜிபிஎஸ் இடக்குறிப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். காண்டாமிருகம் எந்த வளைவில் நின்றது என்பதைக் கொம்புக்காக அலைகிற கும்பலுக்கு நம் படம் காட்டிக்கொடுக்கக் கூடாது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடும்போதும் இடத்தைச் சொல்லாதீர்கள்.

திரும்பி வந்ததும் கேமராவையும் லென்ஸையும் தூசு தட்டி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள். பீன்ஸை ராத்திரி ஊறப்போட்டால் மறுநாள் கறி வைத்துவிடலாம்.